'மிஸ்லீட்' என்னும் வினையும் தமிழ் வழக்கும்

ஆங்கிலத்தில் 'மிஸ்லீட்' என்றொரு வினை உண்டு. ஒருவர் ஒரு பொருளைப் பற்றித் தவறான எண்ணம் கொள்ளுமாறு செய்தல் என்பது அதன் பொருள். இவ்வினை இன்று நாளிதழ்ச் செய்திகளிலும், மேடை உரைகளிலும், சட்டங்களின் மொழிபெயர்ப்பிலும், ஏன், எம் மாணவர் எழுதும் ஆய்வேடுகளிலுங்கூடத் 'தவறாக வழிநடத்துதல்' என்னும் தொடராகத் தமிழில் நடமாடி வருகின்றது. ஒருவர் நீதிமன்றத்தைத் தவறாக வழிநடத்தினார் என்கின்றனர். சிலர் வாக்காளரைத் தவறாக வழிநடத்தினர் என்கின்றனர். ஒரு விளம்பரம் நுகர்வோரைத் தவறாக வழிநடத்தியது என்கின்றனர். இத்தொடர் தமிழிற்குப் பொருந்துமா, பொருந்தாதெனின் இப்பொருளைத் தமிழர் எவ்வாறு உணர்ந்து எவ்வினைகளால் வழங்கினர் என்பதை இலக்கிய வழக்குக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். சொல்லுக்குச் சொல் கண்டு நிறைவடைவது எம் கருத்தன்று. ஒரு வினையை மாற்றியதனால் குற்றம் உடையவன் பிழை செய்தவனாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. அவ்விடத்தில் இஃது இலக்கண ஆராய்ச்சியின் எல்லையைக் கடந்துவிடுகின்றது.

முதற்கண் ஆங்கில வினையின் இயல்பை அறிதல் வேண்டும். 'லீட்' என்பது அழைத்துச் செல்லுதல். 'மிஸ்' என்னும் முன்னொட்டு அது பிழைபட நிகழ்ந்ததைக் குறிக்கும். ஆங்கிலத்தின் பழைய நிலையிலேயே இவ்வினை உள்ளது. எனினும் வழியும் நடையும் அதன் பொருளினின்று நெடுங்காலத்திற்கு முன்பே நீங்கிவிட்டன. இன்று அவ்வினையைக் கேட்கும் ஆங்கிலேயர் எவரும் பாதையை நினைப்பதில்லை. எஞ்சி நிற்கும் பொருளில் மூன்று கூறுகள் உள. கேட்டவன் தவறாக உணர்ந்திருத்தல் வேண்டும் என்பது ஒன்று. கூறியவனுக்கு அக்கருத்து இருந்திருத்தல் வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை என்பது மற்றொன்று. கூறிய சொல் பொய்யாக இருத்தலும் வேண்டா என்பது மூன்றாவது. மெய்யான சொல்லைக் கொண்டே ஒருவனை மயங்கச் செய்யலாம். அசுவத்தாமன் இறந்தான் என்று துரோணர் கேட்கத் தருமன் உரைத்த செய்தியை ஈண்டு நினைக. அப்பெயருடைய யானை இறந்தது மெய். துரோணர் உணர்ந்தது மகன் இறந்தான் என்பது. 'டிசீவ்' என்னும் மற்றோர் ஆங்கில வினை பெரும்பாலும் கருத்தோடு செய்வதையே குறிக்கும். 'மிஸ்லீட்' என்பதோ கருத்து உண்டோ இல்லையோ என்பதைத் திறந்தே வைக்கின்றது. இத்திறப்பே அதன் ஆற்றல்.

இனித் தமிழ்த் தொடருக்கு வருவோம். 'வழிநடத்து' என்பதில் வழி இன்னும் வழியாகவே இருக்கின்றது. அதுமட்டுமன்று, வழிநடத்துவோன் ஒருபடி உயர்ந்தோன் என்னும் குறிப்பும் அச்சொல்லில் உண்டு. தலைவன் தொண்டரை வழிநடத்துவான். ஆசிரியர் மாணவரை வழிநடத்துவார். நீதிமன்றத்தின் முன் கைகட்டி நிற்கும் ஒருவன் அம்மன்றத்தை எங்ஙனம் வழிநடத்துவான்? பொய்யான உறுதிச்சீட்டு ஒன்றை நீட்டியவன் வழிகாட்டியாகிவிடுகிறான். அவன் செய்ததும் வழிகாட்டுவதில் நேர்ந்த ஒரு தவறாகிவிடுகின்றது. 'தவறாக' என்னும் அடையைத் தமிழ்ச் செவி 'தவறுதலாக' என்றே கேட்கும். நிலப்படம் ஒன்று நம்மைத் தவறாக வழிநடத்தியது என்றால் தகும். அவ்வோரிடமே இத்தொடருக்கு உரிய இடம் போலும்!

தமிழில் வழிப்படுத்தும் வினைகள் நன்மையையே உட்கொண்டவை. ஆற்றுப்படுத்தல் என்பது ஓர் இலக்கிய வகைக்கே பெயராயிற்று. பரிசில் பெற்ற பாணன் பெறாத பாணனை வள்ளலிடம் செலுத்துவது அது. நல்லியக்கோடன்பாற் செலுத்தும் சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினத்தையும் கிடங்கிலையும் கூறுகின்றது. எயிற்பட்டினம் புதுவைக்கு வடக்கே உள்ள மரக்காணம் என்றும், கிடங்கில் திண்டிவனத்தை அடுத்தது என்றும் அறிஞர் கருதுவர். அப்பாட்டில் உள்ள வழியும் ஊரும் விருந்தும் ஒருவனை ஒருவன் நம்பிச் செல்லும் உலகத்தைச் சேர்ந்தவை. 'தவறாக ஆற்றுப்படுத்தினான்' என்று எழுதிப் பார்ப்பின் தொடரின் முரண் தானே புலனாகும்.

விவிலியத்தைத் தமிழாக்கியோர் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். மூலமாகிய கிரேக்கத்தில் மக்களை நெறி பிறழச் செய்தலைக் குறிக்கும் வினை அலையச் செய்தல் என்னும் அடிப்பொருள் உடையது. ஆங்கில வினைக்கு மிக அணுக்கமானது. மத்தேயுவின் இருபத்துநான்காம் அதிகாரத்தில் அவ்வினை வருமிடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் 'வஞ்சி' என்னும் வினையைப் பெய்தனர். வழியை வலிந்து கொணரவில்லை. வழிநடத்துதலை அவர்கள் இறைவன் செயலாகக் காத்துக்கொண்டனர்.

வழியிலேயே நிகழும் மயக்கத்தைத் தமிழ் எவ்வாறு கூறும் என்பதற்குச் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையினும் சிறந்த சான்று இல்லை. மதுரைக்குச் செல்லும் நெறிகளைக் கோவலனுக்கு எடுத்துரைக்கும் மறையோன், இடையே காட்டில் உறையும் தெய்வம் ஒன்று உண்டு என்று எச்சரிக்கின்றான். நீர் வேட்கையால் பொய்கைக்கரை சென்ற கோவலன் முன் அத்தெய்வம் மாதவியின் தோழியாகிய வயந்தமாலையின் வடிவில் வந்து நின்று, மாதவி தன்னைப் பழித்து நீக்கினாள் எனக் கண்ணீர் உகுத்து நயந்து பேசுகின்றது. இங்கே நெறியும் உண்டு. நெறிச் செல்வோனும் உளன். அவனை நெறியினின்று பிறழ்விக்க முயல்வதும் உண்டு. ஆங்கில வினையின் அடிப்பொருள் முழுமையும் ஓரிடத்தில் கூடி நிற்கின்றது. ஆயினும் இளங்கோவடிகள் ஆளும் வினை 'மயக்கு' என்பதே. மயங்குவோன் உள்ளத்தில் நிகழ்வது யாதோ அதனையே அவர் வினையாக்கினார். காலின் செலவை அன்று.

கோவலன் மயங்கினானா எனின், இல்லை. மறையோன் கூறியதை நினைந்து, கொற்றவையின் மந்திரத்தால் வந்தவளைச் சோதித்து உண்மை தெளிகின்றான். அதே காப்பியத்தில் பாண்டியன் செய்தது யாது? பொற்கொல்லன் வந்து, அரசியின் சிலம்பு திருடிய கள்வன் தன் குடிலின்கண் உளன் என்கின்றான். ஊடல் கொண்ட தேவியின்பால் விரைந்து செல்லும் அரசன், ஒரு வினாவும் எழுப்பாது காவலரை ஏவுகின்றான். பொற்கொல்லன் கூறியது முழுப்பொய், வஞ்சம் அவனுடையது. ஆயின் வழக்குரைக்க வந்த கண்ணகி பொற்கொல்லனைப் பற்றி அவைக்கண் பேசுகின்றாளா? தேராதவன் என்று அரசனையே விளிக்கின்றாள். திருக்குறளும் தெரிந்து தெளிதலை அரசியலின்கண் ஓர் அதிகாரமாகவே வைத்தது. ஏமாற்றியவனை விடுத்து ஏமாந்தவனை நோக்கித் திரும்பும் இப்பார்வை தற்செயலானதன்று என்பதைத் தமிழ் வினைகளின் அமைப்பே காட்டும்.

'ஏமாற்று' என்பது பிறவினை. அதன் தன்வினை 'ஏமாறு'. மாறு–மாற்று, தேறு–தேற்று, ஏறு–ஏற்று என வருவன போலவே இதுவும் றகரம் இரட்டித்துப் பிறவினையாயிற்று. மயங்கு–மயக்கு என்பதும் தன்வினையை முற்படக் கொண்ட இணையே. ஏமம் மாறுதல், அதாவது காவல் நீங்குதல் என ஏமாறுதலைப் பிரித்துக் காண்பாரும் உளர். அது நிற்க. நாம் கருத வேண்டுவது, தமிழில் ஏமாறுதலே அடிப்படை நிகழ்ச்சி என்பதும், ஏமாற்றுதல் அதனை நிகழச் செய்தல் மட்டுமே என்பதும் ஆகும். எனவே, 'அவன் என்னை ஏமாற்றினான். யான் ஏமாறவில்லை' என்பது தமிழன்று. 'ஏமாற்றப் பார்த்தான்' என்றே கூறுதல் வேண்டும். பொய் கூறினான், யான் நம்பவில்லை எனலாம்; அங்கே முரண் இல்லை.

புதுவையில் தமிழ் கற்பிப்போர்க்கு இவ்விடத்தில் ஒரு வாய்ப்பு உண்டு. வீட்டில் பிரெஞ்சும் வழங்கும் குடும்பங்களினின்று வரும் மாணவர் சிலர் ஆங்கில 'டிசீவ்' என்பதைப் பிரெஞ்சு 'தெசெவுவார்' என்பதோடு ஒன்றெனக் கொண்டு இடர்ப்படுவர். இரண்டும் அகப்படுத்துதல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வினையின் வழிவந்தவை. ஆங்கிலம் ஏமாற்றுதலைப் பற்றிக்கொண்டது. பிரெஞ்சு பண்டு அப்பொருளை உடையதாய் இருந்து, இன்று எதிர்பார்த்தது கிட்டாமல் உளம் சோரச் செய்தலைக் குறிக்கின்றது. உடன்பிறந்த சொற்கள் பகையாயின என்று மொழிபெயர்ப்பாளர் நொந்துகொள்வர். தமிழிலோ அவ்விரு பொருளும் பிரியாது ஒரு சொல்லிலேயே குடியிருக்கின்றன. வணிகன் ஏமாற்றினான், பருவமழையும் ஏமாற்றியது. முன்னதில் கரவு உண்டு, பின்னதில் இல்லை. 'ஏமாற்றம்' என்னும் பெயர் இன்று பெரும்பாலும் பின்னதையே குறிக்கின்றது. இரண்டிலும் பொதுவாய் நிற்பது ஏமாந்தவனின் நிலையே. பொருள் பிரியாமைக்குக் காரணமும் அதுவே.

பிரெஞ்சில் 'திரோம்பே' என்பது ஏமாற்றுதல். அதனைத் தற்சுட்டாக்கி 'ஸ திரோம்பே' என்பின் பிழைபட எண்ணுதல் என்று பொருள்படும். தன்னைத் தானே ஏமாற்றிக்கொள்ளுதல் என்பது அதன் சொற்கிடை. ஆங்கு ஏமாற்றுதல் முதல்; பிழைத்தல் அதன் வழிப்பட்டது. தமிழில் இம்முறை தலைகீழாக உள்ளது. பிரெஞ்சினின்று ஆங்கிலம் கடன் கொண்ட 'டியூப்' என்னும் சொல் மட்டும் தமிழ் முறையை ஒத்து நடக்கின்றது. அது முதலில் ஏமாந்த பேதையைக் குறித்த பெயர். அப்பெயரிலிருந்தே வினை பிறந்தது. அறிவு குறைந்த பறவையெனக் கருதப்பட்ட கொண்டலாத்தியின் பிரெஞ்சுப் பெயரே அதன் மூலம் என்பர் சொல்வரலாற்றார். புதுவைத் தோட்டங்களில் கொண்டை விரித்துப் புழு தேடும் அப்பறவையைக் கண்டோர் அதனைப் பேதை என்னார்; ஆயினும் சொல் பறவையைக் கேட்டுப் பிறப்பதில்லையே.

'வஞ்சி' என்னும் வினை இவ்வினங்களினின்று வேறானது. அதற்குத் தன்வினை இல்லை. செய்வோன் உள்ளத்துக் கரவே அதன் உயிர். பிறன் நம்பினானா என்பது அதற்கு இன்றியமையாததன்று. பாரதியாரின் பாஞ்சாலி சபதம் இதனை விளக்கும். 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்த அவர் அக்காப்பியத்தின் முதற் பகுதியை 1912இல் வெளியிட்டார். திருதராட்டிரன் ஏவலால் அழைக்க வந்த விதுரன், மண்டபம் காணும் விருந்தின் பின்னே சூது காத்திருப்பதைத் தருமனிடம் மறைக்கவில்லை. தருமன் அறிந்தே செல்கின்றான். பெரிய தந்தையின் ஆணையை மறுத்தல் அறமன்று என்று கருதிச் செல்கின்றான். சகுனி தருமனை 'மிஸ்லீட்' செய்தான் என்று ஆங்கிலத்தில் எழுதினால் அது பிழையாகும். ஏனெனில் தருமன் தவறாக உணர்ந்தது ஒன்றும் இல்லை. 'ஏமாற்றினான்' என்பதும் முழுதும் பொருந்தாது. 'வஞ்சித்தான்' என்பது ஒன்றே பொருந்தும். இவ்வினைகளை ஒரு பொருட் பலசொல்லெனக் கொண்டு ஒன்றன் இடத்தில் மற்றொன்றை வைக்கும் திறனாய்வு, தருமனின் அவலத்தை அவனது அறியாமையாக மாற்றிவிடும். அறிந்து வீழ்ந்தமையன்றோ அக்காப்பியத்தின் துயரம்!

மறைத்தலும் இப்பொருட்பரப்பில் அடங்கும். பொய்யும் வழுவும் தோன்றியமையால் கரணம் வகுக்கப்பட்டது என்னும் கற்பியற் செய்தியை விளக்குமிடத்து, செய்ததனை மறைத்தலே பொய் என்றனர் உரையாசிரியர். இல்லாததைக் கூறுதல் என்று அவர் அதனைச் சுருக்கவில்லை. குறிஞ்சிக்கலியுள், தண்ணீர் கேட்டு வந்தவன் தன் கையைப் பற்றினான் என்பதைத் தாயிடம் கூறாது, அவன் நீருண்ணுங்கால் விக்கினான் என்று தலைவி சாற்றுகின்றாள். தாயும் அதனை மெய்யெனக் கொண்டு அவன் முதுகை நீவுகின்றாள். தாய் தவறாக உணர்ந்தாள் என்பதில் ஐயம் இல்லை. ஆயினும் தலைவி தாயை வஞ்சித்தாள் என்று உரை வரைவார் உளரோ?

இவ்வேறுபாடுகள் சட்டத்தில் மிகக் கூர்மை அடைகின்றன. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பதினேழாம் பிரிவில் ஏமாற்றும் கருத்தோடு செய்வதையும், பதினெட்டாம் பிரிவில் அக்கருத்து இன்றிச் செய்வதையும் வேறுபடுத்துகின்றது. முன்னதில் வருவது 'டிசீவ்'. பின்னதில், ஏமாற்றும் கருத்து இல்லாமலே பிறனைத் தவறாக உணரச் செய்து பயன் பெறுதலைக் கூறுமிடத்தில் 'மிஸ்லீட்' வருகின்றது. இவ்விரண்டையும் 'ஏமாற்று' என்று பெயர்த்தால் இரு பிரிவும் ஒன்றாகிவிடும். இன்னும் வியத்தற்குரியது பத்தொன்பதாம் பிரிவின் விலக்கு. தவறாக உணர்ந்து உடன்பட்டவன், இயல்பான விழிப்போடு முயன்றால் உண்மையை அறிந்திருக்கக் கூடுமெனின், சில நிலைகளில் ஒப்பந்தத்தை அவன் நீக்கிக்கொள்ள இயலாது என்கின்றது அது. தேராதவன் என்று கண்ணகி கூறியதன் சட்ட வடிவம் இது எனலாம்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ வேறொரு திசையில் செல்கின்றது. குற்றமுடைய விளம்பரம் எது என அது வரையறுக்குங்கால், நுகர்வோரைத் தவறாக உணரச் செய்யக் கூடியது என்பதே போதும் என்கின்றது. ஒருவர் உண்மையில் ஏமாந்திருத்தல் வேண்டுவதில்லை. இன்றியமையாத செய்தியை வேண்டுமென்றே மறைத்தலும் அவ்வரையறையுள் அடங்கும். உரையாசிரியர் பொய்க்குக் கூறிய இலக்கணமன்றோ இது! இத்தகைய விளம்பரத்திற்கு முதன்முறை 10 இலட்ச ரூபாய் வரையும், பின்னும் தொடரின் 50 இலட்ச ரூபாய் வரையும் தண்டம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கின்றது. அத்துணைப் பொருள் தொங்கும் ஒரு சொல்லைத் 'தவறாக வழிநடத்தும் விளம்பரம்' என்று பெயர்த்துக் கடைத்தெருவில் நிற்கும் மக்கள் முன் வைக்கின்றோம். விளம்பரம் எவரை எங்கே அழைத்துச் சென்றது என்று அவர்கள் கேட்பின் விடை யாது?

வரலாறு எழுதுவோர்க்கும் இச்சிக்கல் உண்டு. 1746இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றுமுன், அதனைக் கைப்பற்றினால் ஆர்க்காட்டு நவாபு அன்வருத்தீன் கானிடம் ஒப்படைப்பதாகத் துய்ப்ளே உறுதி கூறினார். நகரம் வீழ்ந்தது, ஒப்படைக்கப்படவில்லை, நவாபின் படை வந்து தோற்றது. 1736 முதல் 1761 வரை விரியும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு அக்காலப் புதுவையின் பேச்சையும் பேரத்தையும் காட்டும் கண்ணாடி. உறுதி கூறியபோதே கொடுக்கும் எண்ணம் துய்ப்ளேக்கு இல்லையெனின் அவர் வஞ்சித்தார். எண்ணம் இருந்து பின் மாறினார் எனின் வாக்குத் தவறினார். இரண்டில் எது என்று துணிய விரும்பாத ஆங்கில வரலாற்றாசிரியர் 'மிஸ்லீட்' என்று எழுதி அமையலாம். தமிழில் அதே நடுநிலையைக் காக்க விரும்புவோர் 'நவாபு ஏமாந்தார்' என எழுதினால் போதும். தன்வினை எக்கருத்தையும் எவர்மேலும் ஏற்றுவதில்லை. 'நவாபைத் தவறாக வழிநடத்தினார்' என்று எழுதினாலோ, துய்ப்ளே நவாபின் ஆசான் ஆகிவிடுவார்.

இங்ஙனம் பொது உரைநடைக்கு ஏமாறு–ஏமாற்று, மயங்கு–மயக்கு என்னும் இணைகள் போதுமானவை. கரவு தெளிவாயின் 'வஞ்சி' உண்டு. பேச்சில் 'ஏய்' உண்டு. சட்டத்திற்கும் அளவையியலுக்கும் வரையறை பிறழாத ஒரு சொல் வேண்டுமெனின், மணிமேகலை துணை செய்கின்றது. சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை, அளவைகள் போலத் தோன்றிப் பிழைபடும் எட்டனுள் 'திரியக் கோடல்' என்பதை ஒன்றாக எண்ணுகின்றது. ஒரு பொருளை மற்றொன்றாகக் கொள்ளுதல் அது. 'தேராது தெளிதல்' என்பது அவற்றுள் வேறொன்று. பாண்டியன் செய்தது பின்னது. துரோணர்க்கு நேர்ந்தது முன்னது. திரியக் கோடலுக்குப் பிறவினை 'திரியக் கொளுத்துதல்' ஆகும். அறிவு கொளச் செய்தலைக் கொளுத்துதல் என்பது பழைய வழக்கு. ஆயின் இன்று அவ்வினை தீயோடு நின்றுவிட்டமையால், நீதிமன்றத்தைத் திரியக் கொளுத்தினான் என்று எழுதுவோர் காவலரைத்தான் அழைக்க நேரும். எனவே 'திரிய உணர்த்துதல்' எனக் கொள்ளலாம். கருத்து உண்டோ இல்லையோ என்பதை இத்தொடர் முடிவு செய்யாது; மெய்யால் நிகழினும் பொய்யால் நிகழினும் பொருந்தும்; நுகர்வோரைத் திரிய உணர்த்தத் தக்க விளம்பரம் என்று சட்டத்தின் வாய்பாட்டிலும் தடையின்றி அமையும். கருத்தோடு செய்ததாயின் 'வேண்டுமென்றே திரிய உணர்த்தினான்' என்று அடை பெய்துகொள்ளலாம். தவறாக வழிநடத்தும் தொடருக்கு 'வேண்டுமென்றே' என்னும் அடையைச் சேர்த்துப் பார்ப்பின், 'தவறாக' என்பதோடு அது உறழ்ந்து நிற்பதைப் படிப்போர் தாமே காண்பர்.